தையல் பிரிக்கும் நாள்

ஆபரேஷன் முடிந்து வார்டில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் கம்மாபுரம் பக்கத்தில் இரண்டு கேள்விகளைக் கட்டாயம் கேட்பார்கள். சாப்பிட்டாச்சா என்பது ஒன்று. எத்தனை தையல் என்பது இன்னொன்று. நோயின் பெயர் யார் மனதிலும் நிற்காது, டாக்டரின் பெயரும் நிற்காது. பதினெட்டுத் தையல், இருபத்திரண்டு தையல் என்ற கணக்கு மட்டும் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். பட்ட பாட்டுக்கு அதுதான் அளவுகோல். இன்று முட்டி மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்புகிற பலரால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிவதில்லை. சிலர் காலில் முப்பது பின் அடித்திருக்கிறது. சிலருக்கு வெளியே நூலே தெரிவதில்லை. இன்னும் சிலருக்குத் தோலைப் பசை போட்டே ஒட்டி அனுப்பிவிட்டார்கள்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்தில் முட்டியில் கத்தி படுவதென்றால் பெரும்பாலும் முட்டிச் சில்லு உடைந்ததற்காகத்தான் இருக்கும். மரத்திலிருந்து விழுந்தவர், சைக்கிளோடு வாய்க்காலில் இறங்கியவர் என்று அதற்கு ஒரு கதை உண்டு. முட்டி தேய்ந்து போவதற்குக் கதை கிடையாது. அது வயதின் கணக்கில் எழுதப்பட்டது. நாற்று நட்டு, களை எடுத்து, மல்லாட்டை ஆய்ந்து, முந்திரித் தோப்பில் குனிந்து கொட்டை பொறுக்கி ஐம்பதைக் கடந்த பெண்களுக்குத் தைலமும், உப்பு ஒத்தடமும், திண்ணையும் மிச்சம். முட்டியையே மாற்றலாம் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஆனால் அப்போதே உலகத்தில் அது நடந்துகொண்டிருந்தது. தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி, மேலே உலோகமும் கீழே பிளாஸ்டிக்கும் பொருத்தி, முட்டியின் இரு பரப்புகளையும் முழுதாக மாற்றும் இன்றைய முறையின் மூலவடிவம் 1974-இல் நியூயார்க்கில் உருவானது. ஜான் இன்சால், பீட்டர் வாக்கர் ஆகியோருடன் அதை வடிவமைத்தவர்களில் ஒருவர் இந்தியரான சித்தரஞ்சன் ரணாவத். கால் நூற்றாண்டு கழித்து, 2000 அக்டோபரில் பிரதமர் வாஜ்பாயின் இடது முட்டியையும் 2001 ஜூனில் வலது முட்டியையும் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் மாற்றியவரும் அவரே. தினத்தந்தியை டீக்கடையில் சத்தமாகப் படிக்கும் வழக்கமுள்ள ஊர்களுக்கு மூட்டு மாற்று என்ற சொல் அப்படித்தான் வந்து சேர்ந்தது. பிரதமர் செய்துகொள்ளும் சிகிச்சை என்று வந்ததால், பணக்காரர் வைத்தியம் என்ற முத்திரையும் கூடவே ஒட்டிக்கொண்டது.

அந்த முத்திரை கழன்றது காப்பீட்டால். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. முதலில் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு 1 லட்சம். இன்று ஓர் ஆண்டுக்கு 5 லட்சம். 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை மூட்டுக்கு உச்சவிலை வைத்தது. சராசரியாக ரூ.1,58,324 விலை குறித்திருந்த கோபால்ட் குரோமியம் மூட்டு, வரி நீங்கலாக ரூ.54,720-க்கு இறங்கியது. 1985-இல் சிதம்பரத்தில் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் 2021-இல் அரசின் சுகாதாரத் துறைக்குக் கைமாறி, கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. விருத்தாசலத்தில் ஏறினால் சிதம்பரம், வடக்கே போனால் புதுச்சேரி ஜிப்மர் என்று கம்மாபுரத்துக்காரர்களுக்கு வழி திறந்தது. கழனியில் முட்டி தேய்ந்த கிழவிக்கும் பிரதமருக்குக் கிடைத்த சிகிச்சை கிடைக்கிறது. இந்த ஒரு மாற்றத்துக்கு முன்னால் நான் இங்கே எழுதப்போகும் மற்ற எல்லா மாற்றங்களும் சிறியவைதாம்.

சிறியவை என்றாலும், நோயாளி கண்ணால் பார்ப்பது அவற்றைத்தான். உள்ளே வைத்த உலோகத்தை யாரும் பார்ப்பதில்லை. வெளியே தெரிவது ஒரு கோடு. தொடையின் அடிப்பகுதியில் தொடங்கி முட்டிச் சில்லின் மேலாக இறங்கிக் கெண்டைக்கால் எலும்பின் தலைப்பில் முடியும் நேர்க்கோடு. முன்பு ஒரு சாண் நீளத்தையும் தாண்டிப் போகும். இப்போது அதைவிடக் குறைத்துக் கீறுகிறார்கள். அந்தக் கோட்டை எதைக் கொண்டு மூடுவது என்பதில்தான் நூலும் பின்னும் பசையும் போட்டியிடுகின்றன.

தைப்பது நமக்குப் புதிதல்ல. பதிற்றுப்பத்தில் செங்குட்டுவனைப் பாடிய பரணர், வீரர்களின் மார்புக் காயத்தைத் தைக்கும் ஊசி உள்ளே போய் வெளியே வருவதை, மீனுக்காகக் குளத்தில் மூழ்கி எழும் சிச்சிலிப் பறவையோடு ஒப்பிட்டிருக்கிறார். பக்கத்தில் நின்று பார்த்தவர்தான் அப்படிச் சொல்ல முடியும். பரணர் காலத்து ஊசிக்கும் 1970-களில் அரசு மருத்துவமனைகளில் புழங்கிய ஊசிக்கும் அடிப்படையில் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டிலும் காது உண்டு, இரண்டிலும் நூலைக் கோக்க வேண்டும்.

அன்றைய தியேட்டரில் கருப்புப் பட்டு நூல் உருளையில் சுற்றியிருக்கும். வெட்டி, கோத்து, ஆவியில் வேகவைத்துப் பயன்படுத்துவார்கள். வளைந்த ஊசியைக் கழுவி, கொதிக்கவைத்து, அடுத்தவருக்கும் எடுப்பார்கள். நாலு பேரைத் தைத்தபின் முனை மழுங்கும். உள்தசைக்கு கேட்கட். ஆடு மாடுகளின் குடலிலிருந்து திரித்த அந்த நூல், கண்ணாடிக் குழாய்க்குள் சாராயத் திரவத்தில் ஊறிக்கொண்டு வரும். குழாயை உடைத்து எடுக்க வேண்டும். உடம்பு அதைத் தானே கரைத்துவிடும், ஆனால் எப்போது கரைக்கும் என்பது உடம்புக்கு உடம்பு வேறுபடும். பட்டு நூல் கைக்கு இதமானது, முடிச்சு நழுவாது. குறை என்னவென்றால் அது பல இழை சேர்த்துப் பின்னியது. இழைகளுக்கிடையே நீர் ஏறும், நீரோடு கிருமியும் ஏறும். பிறகு வந்த நைலான் ஒற்றை இழை. கிருமிக்கு இடம் கொடுக்காது. ஆனால் விறைப்பானது, வழுக்கும், நாலைந்து முடிச்சுப் போட்டால்தான் நிற்கும். நறுக்கிய முனைகள் துணியில் மாட்டிச் சுருக்கென்று குத்தும்.

தையல் பிரிப்பது அன்று ஒரு கலை. பன்னிரண்டாம் நாளோ பதினான்காம் நாளோ கட்டைப் பிரிப்பார்கள். அடிக்கட்டு ஒட்டிக்கொண்டிருந்தால் உப்புநீர் விட்டு ஊறவைத்து எடுப்பார்கள். பிறகு முடிச்சை இடுக்கியால் பிடித்துச் சற்றே தூக்குவார்கள். தோலுக்குள் புதைந்திருந்த நூலில் ஓர் இம்மியளவு வெளியே வரும். ஈரமாக, நிறம் மாறாமல் இருக்கும் அந்த இடத்தில்தான் கத்தரி வைக்க வேண்டும். வெளியே காய்ந்து அழுக்கேறிய நூல் தோலுக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடக்கூடாது என்பதற்காக இந்தக் கவனம். முதலில் ஒன்றுவிட்டு ஒன்று பிரிப்பார்கள். வாய் திறக்கவில்லை என்று தெரிந்தபிறகு மீதி. முட்டியாக இருந்தால் மெதுவாக மடக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். கம்பவுண்டரும் வயதான சிஸ்டரும் இதைச் செய்யும் வேகத்தைப் பார்த்தால் ஏதோ எளிய வேலை போலத் தோன்றும்.

ஸ்டேப்ளர் பின் வந்ததும் கதை மாறியது. உடம்பைத் தைக்க ஸ்டேப்ளர் செய்யும் முயற்சி 1908-இல் ஹங்கேரியில் தொடங்கியது. ஹ்யுல்ட்ல் என்ற அறுவை மருத்துவர் செய்வித்த அந்தக் கருவி பல கிலோ எடை. பிறகு சோவியத் ரஷ்யா அதைக் கைக்கு அடக்கமாக்கியது. அங்கே போய்ப் பார்த்த மார்க் ராவிட்ச் என்ற அமெரிக்க மருத்துவர் ஒன்றை ஊருக்குக் கொண்டுபோனார். அமெரிக்கா அதை ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருளாக்கி உலகத்துக்கு விற்றது. இன்று சாதாரணமாக வரும் ஸ்டேப்ளரில் 35 பின். உதவியாளர் தோலின் இரு விளிம்புகளையும் இரண்டு இடுக்கியால் சற்று மேல்நோக்கித் தூக்கிப் பிடிக்க, மருத்துவர் டக் டக்கென்று அடித்துக்கொண்டே போவார். நூலால் கால் மணி நேரம் ஆகும் வேலை இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும். மயக்கத்தில் கிடக்கும் நேரம் குறைகிறது, தியேட்டரில் அடுத்த நோயாளிக்கு இடம் கிடைக்கிறது. ஒரே நாளில் ஐந்தாறு முட்டிகள் மாற்றப்படும் பெரிய மருத்துவமனைகளுக்கு இது சின்ன லாபமல்ல.

ஆனால் பின்னை அடிப்பது எளிதே தவிர, எடுக்க அதற்கென்று ஒரு கருவி வேண்டும். பறவை அலகு போன்ற முனையைப் பின்னின் அடியில் நுழைத்து அழுத்தினால், நடுக்கம்பி பள்ளமாக வளையும். இரண்டு கால்களும் பக்கவாட்டில் விரிந்து தோலைவிட்டு மேலே வரும். கருவி இருந்தால் எறும்பு கடித்த அளவு வலி. இல்லாவிட்டால் அது வேறு கதை. என் பெரியம்மா முட்டியை மாற்றிக்கொண்டு ஊர் திரும்பியபின், பின் எடுக்கப் பக்கத்திலேயே ஓரிடத்துக்கு அழைத்துப் போனோம். அங்கே அந்தக் கருவி இல்லை. இரண்டு சின்ன ஆர்ட்டரி இடுக்கிகளைக் கொண்டு ஒவ்வொரு பின்னையும் இருபுறமும் பிடித்து விரித்து எடுத்தார்கள். நாற்பது வருடம் நாற்று நட்ட மனுஷி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினாள். முப்பத்தொன்று. ஊருக்குச் சொல்ல ஒரு கணக்கு அவளுக்குக் கிடைத்துவிட்டது. கருவியின் விலை மிகக் குறைவு. பின் போட்ட மருத்துவமனையே வீட்டுக்கு அனுப்பும்போது ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. சில இடங்களில் கொடுக்கிறார்கள். எல்லா இடத்திலும் கொடுக்க வேண்டும்.

பின் போட்ட தழும்பில் கோட்டின் இருபுறமும் புள்ளி புள்ளியாக வரிசை நிற்கும். அழகு பார்ப்பவர்களுக்கு இது குறை. அந்தக் குறை இல்லாதது உள்தையல். தோலின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, விளிம்பிலிருந்து விளிம்புக்குப் பாம்பு போல ஓடி, வெளியே தலை காட்டாமல் முடியும் தையல். 1970-களின் தொடக்கத்தில் வந்த செயற்கைக் கரையும் நூல்கள் கேட்கட்டின் இடத்தைப் பிடித்தன. உடம்பின் நீரே அவற்றை மெதுவாகப் பிளந்து கரைக்கிறது. எத்தனை நாளில் பாதிப் பலம் போகும், எத்தனை நாளில் முழுதும் மறையும் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறது. ஊசியும் நூலும் ஒன்றாகவே பிணைந்து, கிருமிநீக்கப்பட்டு, உறைக்குள் வருகின்றன. ஒருவரைத் தைத்த ஊசி இன்னொருவருக்குப் போவதில்லை. காமாலையும் எய்ட்ஸும் ஊசி வழியே பரவும் என்று அறிந்தபின் நாம் அடைந்த நிம்மதி அது. முன்பு சிஸ்டர் ஊசியில் நூல் கோக்கும் காட்சி இன்று பெரும்பாலான தியேட்டர்களில் இல்லை.

முள்நூல் இதில் கடைசி வரவு. 1964-இலேயே அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்கள். கடைக்கு வர நாற்பது ஆண்டு ஆனது. நூல் நெடுகக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்னச் சின்ன முட்கள் ஒரே திசையில் சாய்ந்திருக்கும். வேட்டி விளிம்பில் ஏறிய ஒட்டுப்புல் முன்னால்தான் போகும், பின்னால் வராது, இதுவும் அப்படித்தான். இழுத்த இடத்தில் நிற்கும், முடிச்சே தேவையில்லை. முட்டியின் உள்ளுறையை, அதாவது மூட்டுக்குள்ளிருந்து நீர் வெளியே கசியாமல் இறுக்க வேண்டிய அடுக்கை, இதைக் கொண்டு ஒரே ஓட்டமாகத் தைக்கிறார்கள். முன்பு அங்கே தனித்தனி முடிச்சுகளாகத் தடித்த நூலில் போடுவார்கள். ஒன்று அறுந்தாலும் மற்றவை காக்கும் என்பது அந்தக் காலத்து நியாயம். ஓட்டத் தையலில் ஓரிடத்தில் அறுந்தால் முழுதும் தளருமே என்ற பயத்துக்கு, முட்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே பிடித்துக்கொள்ளும் என்பது இந்தக் காலத்துப் பதில்.

பசையின் வரலாறு இன்னும் விசித்திரம். இரண்டாம் உலகப்போரின்போது, 1942-இல், துப்பாக்கிக் குறிகாட்டிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிய ஹாரி கூவர் என்ற அமெரிக்க வேதியியலாளர், தொட்டதையெல்லாம் ஒட்டிக்கொள்ளும் ஒன்றைக் கண்டு எரிச்சலோடு ஒதுக்கிவைத்தார். அதுதான் பின்னாளில் நம் வீட்டு மேசை இழுப்பறைக்குள் வந்த உடனடிப் பசையின் முன்னோடி. வியட்நாம் போரில் காயத்திலிருந்து பெருகும் குருதியை நிறுத்த அதைத் தெளித்தார்கள். தோலுக்கு எரிச்சல் தராதபடி வேதியியல் முறையில் மாற்றிய வகைக்கு 1998-இல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. முட்டியில் இதை மட்டும் நம்பி யாரும் மூடுவதில்லை. அடியில் கரையும் நூலால் தோலை ஒட்டக் கொண்டுவந்து நிறுத்தியபிறகு, மேலே மெல்லிய படலமாகப் பூசுவார்கள்; சிலர் ஒரு வலைநாடாவை ஒட்டி அதன்மேல் பூசுகிறார்கள். படலம் ஓரிரு வாரத்தில் தானே உரிந்து விழும். ஆனால் பசை விளிம்புகளுக்கிடையே உள்ளே இறங்கிவிட்டால் தோலைக் கூடவிடாது. அபூர்வமாகச் சிலருக்கு ஒவ்வாமையால் தடித்துச் சிவக்கும்.

பசையிலும் இன்றைய கட்டிலும் நமக்கு முக்கியமான லாபம் குளியல். அக்கினி நட்சத்திரத்தில் விருத்தாசலம் வட்டாரத்து வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, முட்டிக்கு மேலும் கீழும் பஞ்சும் காஸும் சுற்றி இரண்டு வாரம் தண்ணீர் படாமல் கிடப்பது என்பது அறுவையின் வலியைவிடப் பெரிய தண்டனை. அன்று தினமும் கட்டுப் பிரித்து மஞ்சள் மருந்தோ சிவப்பு மருந்தோ தடவி மறுகட்டுப் போட்டார்கள். இன்று நீர் புகாத ஒட்டுக்கட்டு ஒன்றை ஒருவாரம் கழற்றாமல் விட்டுவிடுகிறார்கள். அடிக்கடி திறக்கத் திறக்கத்தான் கிருமி நுழைகிறது என்று தெரிந்துவிட்டது.

நூலா, பின்னா, பசையா, எது நல்லது? நோயாளியின் வீட்டார் கேட்கும் இந்தக் கேள்விக்கு மருத்துவ இதழ்களிலேயே ஒருமித்த பதில் இல்லை. இடுப்பு மூட்டும் முட்டி மூட்டும் மாற்றிக்கொண்டவர்களில் மூன்றையும் போட்டுப் பார்த்து 2006-இல் பிரிட்டனின் எலும்பு மருத்துவ இதழில் வந்த ஆய்வு, விரைவு கருதிப் பின்னுக்கே ஓட்டுப் போட்டது. நான்கு ஆண்டு கழித்து, 2010-இல், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு 6 ஆய்வுகளில் இருந்த 683 காயங்களைக் கூட்டிப் பார்த்து, பின் போட்டவர்களுக்குத் தையல் போட்டவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் மேற்புறச் சீழ் வைத்தது என்றது. பின் வியாபாரத்துக்கே ஆபத்து என்று தோன்றும். ஆனால் அந்த வேறுபாடு இடுப்பு அறுவையில்தான் அதிகம் தெரிந்தது; பழைய ஆய்வுகளில் பெரும்பாலானவை சரியாக நடத்தப்படவில்லை என்பதை அந்த ஆசிரியர்களே ஒப்புக்கொண்டார்கள். முட்டியைப் பொறுத்தவரை, பிந்தைய ஆய்வுகளில் வேறுபாடு சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. காப்பீட்டில் முழு அறுவைக்கும் சேர்த்து ஒரே தொகை. எதைக் கொண்டு மூடுவது என்பது மருத்துவரின் கைப்பழக்கத்தையும் மருத்துவமனையின் கணக்கையும் பொறுத்தது. பசை போட்டால் உயர்ந்த சிகிச்சை, நைலான் போட்டால் அரசாங்கச் சிகிச்சை என்று நம் ஆட்கள் தரம் பிரிப்பதில் பொருளே இல்லை. சேலைக்குள் மறைந்துபோகும் தழும்பின் அழகைவிட, அந்தக் கால் எத்தனை பாகை மடங்குகிறது என்பதுதான் அந்த அம்மாவுக்கு வேண்டியது.

முட்டியில் தோல் ஆறுவது ஏன் இத்தனை கவலைக்குரியது என்பதையும் சொல்ல வேண்டும். முன்பக்கத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே கொழுப்பு குறைவு. மடக்கும்போதெல்லாம் தோல் இழுபடும். வயிற்றில் தையல் வாய் திறந்து சீழ் வைத்தால் கழுவிக் கட்டி ஆறவிடலாம். முட்டியில் அந்தச் சீழ் கீழே இறங்கி உலோகத்தைத் தொட்டுவிட்டால் கிருமி அதில் படலமாகப் படிந்துகொள்ளும். மருந்து எளிதில் உள்ளே புகாது. நாள்பட்டால் பொருத்தியதைக் கழற்றி, மருந்து கலந்த சிமெண்டை வைத்து, வாரக்கணக்கில் காத்திருந்து மறுபடி மாற்ற வேண்டும். இப்படி ஆழத்தில் சீழ் வைப்பது நூற்றில் ஒருவர், இருவருக்குத்தான் நடக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும், பீடி சிகரெட் விடாதவர்களுக்கும் ஆபத்து கூடுதல். தோலின்மேல் எதைப் போட்டார்கள் என்பதைவிட, இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, உள்ளடுக்கை எவ்வளவு இறுக்கமாகத் தைத்தார்கள், உள்ளே எவ்வளவு குருதி தேங்கியது என்பவைதாம் ஆறுதலை முடிவு செய்கின்றன. அன்று குருதியை வெளியேற்ற ஒரு குழாய் வைத்து, படுக்கைக்கு அருகில் சிவந்த டப்பா தொங்கும். இன்று டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மலிவான ஊசி குருதிக் கசிவையே குறைத்துவிட்டதால் குழாய் வைப்பது அரிதாகிவிட்டது.

படுக்கையும் மாறிவிட்டது. அன்று முட்டியில் அறுவை என்றால் தையல் பிரிக்கும்வரை வார்டுதான் வீடு. இன்று அறுவை நடந்த அன்றோ மறுநாளோ வாக்கரைப் பிடித்து நடக்கவைத்து, மூன்று முதல் ஐந்து நாளில் அனுப்பிவிடுகிறார்கள். இரத்தம் கட்டிக் காலிலிருந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்தும், வார்டுக் கிருமி தொற்றும் ஆபத்தும் குறைந்தன. கூலிக்குப் போகும் மகன் இரண்டு வாரம் வராந்தாவில் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி செய்பவர் வீட்டுக்கே வருகிறார். சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கு வருகிறது. இவற்றையெல்லாம் விட்டுக்கொடுத்துப் பழைய நாளுக்குத் திரும்ப யாரும் ஆசைப்பட மாட்டார்கள். நானும் படவில்லை.

ஆனாலும் ஒன்று போயிருக்கிறது. அந்தப் பதினான்கு நாளும் காயத்தைத் தினமும் காலையில் பயிற்சி பெற்ற ஒரு கண் பார்த்தது. சிவப்பு ஒரு விரல் அகலம் கூடினாலும், கட்டில் நேற்றில்லாத ஈரம் இன்று இருந்தாலும், ரவுண்ட்ஸில் ஒருவர் நின்று மூக்கைச் சுளித்துப் பார்ப்பார். இப்போது அந்தக் கண் மருமகளுடையது. அவள் அதுவரை அறுவைக் காயம் பார்த்ததில்லை. நீர் புகாத கட்டைத் திறக்கவும் கூடாது என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி புளி கூடாது, கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடவே கூடாது, சீழ் பிடிக்கும் என்கிறாள். ஆறுவதற்குப் புரதம் வேண்டிய உடம்பு, கஞ்சியும் ரசமுமாக இளைக்கிறது. முட்டையும் பருப்பும் கொடுங்கள் என்று மருத்துவமனைத் தாளில் எழுதியிருக்கும். தாள் டிஸ்சார்ஜ் ஃபைலுக்குள் இருக்கும்.

இதைவிட நுட்பமான இழப்பு இன்னொன்று. நைலானும் பின்னும் போட்ட காலத்தில் நோயாளிக்கு விருப்பமிருந்தாலும் இல்லாவிட்டாலும் பதினான்காம் நாள் ஒரு வேலை இருந்தது. உடம்பில் கம்பியோ நூலோ இருக்கும்போது யாரும் சும்மா இருந்துவிட முடியாது. போய்த்தான் ஆக வேண்டும். போனால் காயத்தைப் பார்த்தார்கள், காலை மடக்கிப் பார்த்தார்கள், கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார்கள், சர்க்கரை எவ்வளவென்று கேட்டார்கள். தையல் பிரிப்பது ஒரு சாக்கு. உண்மையில் அது ஒரு பரிசோதனை நாள். கரையும் உள்தையலும் பசையும் அந்தச் சாக்கை எடுத்துவிட்டன. எடுக்க ஒன்றுமில்லை, அப்புறம் எதற்குப் போய் வருவது, பஸ்ஸுக்கும் டீக்கும் செலவு என்று குடும்பம் நினைக்கிறது. பெரிய மருத்துவமனைகள் தேதி கொடுக்கின்றன, போனிலும் கூப்பிடுகின்றன. போகிறவர்கள் போகிறார்கள். போகாதவர்கள், முட்டி சுட்டு வீங்கியபின், மெடிக்கலில் நாலு மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் போகிறார்கள்.

ஆகவே, வீட்டில் யாருக்காவது முட்டி மாற்றுகிறீர்கள் என்றால், நூலா பின்னா பசையா என்று அறுவைக்கு முன் கேட்டு வாதிட வேண்டியதில்லை. உங்கள் மருத்துவரின் கைக்கு எது பழக்கமோ அதுவே போதும். பின் போட்டிருந்தால் எடுக்கும் கருவியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எதைப் போட்டிருந்தாலும், பிரிக்க ஒன்றுமே இல்லாவிட்டாலும், பதினான்காம் நாள் காயத்தைக் காட்ட ஒரு தேதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். ஐந்தாறு நாளுக்குப் பிறகும் கட்டு நனைந்துகொண்டே இருந்தால், காய்ச்சல் வந்தால், சிவப்பு பரவினால், கடையில் மாத்திரை வாங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் சரி, அறுவை செய்த மருத்துவரிடமே போய்க் காட்டுங்கள்.